கல்லு சார்

நவம்பர் 14, வெள்ளி. கரமனை.

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பையில் வைத்தவை: குடை இரண்டு, டார்ச், பிரஷர் மாத்திரை, அட்டைக்கு உப்புப் பொட்டலம், சாந்தாவின் மூட்டுவலித் தைலம். பால் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆபீசில் லீவு. ஆடிட்டர் சார் எதற்கு என்று கேட்கவில்லை. நானாகவே "சும்மா ஒரு டூர் சார்" என்றேன். அவர் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டார்.

சாந்தா நேற்றே நாகர்கோவிலிலிருந்து வந்துவிட்டாள். என் வீட்டுக்காரருடைய தங்கை. ஸ்கூல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் என்றால் உயிர்.

"மைனி, மலையப் பாப்போம், அருவியப் பாப்போம், திரும்பி வருவோம். வேற ஒண்ணும் நான் பேசமாட்டேன்."

வேற ஒண்ணு எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணனுக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்ய வேண்டும் என்கிறாள் இரண்டு வருஷமாக. ஆளே கிடைக்கவில்லை, யாருக்குச் செய்வது என்கிறேன் நான்.

இதை இதுவரை எழுதியதில்லை. ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

ரிட்டயர் ஆனபின் இவருக்குப் பிடித்த பைத்தியம் சுமைதாங்கிக் கல். அந்தக் காலத்து நடைபாதைகளில் தலைச்சுமைக்காரர்கள் சுமையை இறக்கி வைக்க நட்டது. நிற்க இரண்டு கல், குறுக்கே மேலே ஒரு கல். ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டர். நெடுமங்காடு, பாலோடு, வித்துரா. போட்டோ எடுத்து வந்து காட்டுவார். எனக்கு எல்லாம் ஒரே கல்லாகத்தான் தெரியும். "ஆமா, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, துலா மாத (நம் ஐப்பசி) மழைக்காலம். ஒரு ஞாயிறு வித்துராவுக்கு மேலே போனார். ஓடைக்கரையில் ஸ்கூட்டர் நின்றது. கண்ணாடியில் ஹெல்மெட் மாட்டியிருந்தது. ஆள் இல்லை. என் தம்பிகள் இரண்டு பேரும் போய் நாள்கணக்கில் தேடினார்கள். பெண்களை யாரும் கூட்டிப்போகவில்லை. போலீஸ் பேப்பரில் இன்றுவரை "காணவில்லை".

காணவில்லை என்றால் வரலாம் என்றுதானே அர்த்தம். தாலி கழுத்தில்தான் கிடக்கிறது. பூவும் வைக்கிறேன். தெருவில் பேசுகிறார்கள். எங்கே ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் கை கேட்டின் பூட்டுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று. இவர் நீர்ப்பாசனத்தில் ஓவர்சியராக இருந்தவர். அந்த மலை ஓடைகளெல்லாம் பேப்பாறை அணைக்கு வரும், அங்கிருந்து அருவிக்கரை, அருவிக்கரையிலிருந்து எங்கள் குழாய்க்கு. மிச்சம் ஆறாக எங்கள் தெருவுக்குப் பின்னால். காலண்டர் பின்பக்கத்தில் இவரே வரைந்து காட்டியிருக்கிறார். குடத்தில் தண்ணீர் விழும்போது நான் வேறு பக்கம் பார்க்கிறேன். காய்ச்சி, துணி போட்டு வடிகட்டுகிறேன். எதை வடிகட்டுகிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்வதில்லை.

மகள் உமா பெங்களூரிலிருந்து போன். ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று அதே வார்த்தை. தைலம் வாசனை அறை முழுக்க.

நவம்பர் 15, சனி. வித்துராவுக்கு மேலே.

வெயில். தம்பானூரிலிருந்து நெடுமங்காடு பஸ், அங்கிருந்து வித்துரா, அதற்கு மேலே ஜீப். வளைவில் சாந்தாவுக்கு வாந்தி. எலுமிச்சம்பழம் கொண்டுவர மறந்துவிட்டேன்.

ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து, வீட்டோடு ஓர் அறை ஒழித்து, வருகிறவர்களைத் தங்க வைக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது ராஜம்மா வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தவர்கள். எஸ்டேட் மூடிக்கிடக்கிறது, இவள் கீழே இறங்கி வந்து வீடு கட்டிக்கொண்டாள். தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசுகிறாள். தம்பி பிஜு ஜீப் ஓட்டுகிறான், வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதும் அவன்தான்.

பேர் எழுதும்போது சாந்தா தன் பேரைக் கொடுத்தாள். நாங்கள் யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று முன்பே பேசிக்கொள்ளவுமில்லை. வாய் வரவில்லை.

இன்னொரு அறையில் மதுரைக்காரர், மனைவி, இரண்டு பெண்கள். கலகலப்பு.

ரப்பர், மிளகுக்கொடி, சாதிக்காய், அதற்குமேல் காடு. அதற்கும் மேல் மொட்டையாகப் புல்மலை. எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர்ச் சத்தம். முற்றத்திலிருந்து பார்த்தால் ஓடை தெரியவில்லை. சத்தம் மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடும்போதும் அதுதான், பேசும்போதும் அதுதான்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும். மீன் வேண்டாம் என்றோம். ராஜம்மாவுக்கு வருத்தம்.

சாயங்காலம் பிஜு எல்லோரையும் முக்குச் சாயக்கடை வரை நடத்திக் கூட்டிப்போனான். அங்கே ஒரு சுமைதாங்கி. கடைக்காரர் அதன்மேல் தேங்காய்ச் சாக்கு வைத்திருந்தார். மதுரைப் பெண்கள் அதன்முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள். முன்னாளில் மலைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டிலிருந்து உப்பும் துணியும் தலைச்சுமையாக வந்த பாதை இது, பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண்களின் நினைவாகத்தான் இப்படிக் கல் நடுவார்கள் என்று பிஜு ஒப்பித்தான். இவர் சொல்லி நான் கேட்ட அதே விஷயம். தொட்டுப் பார்த்தேன். என் இடுப்புக்கு மேல் உயரம். கல் சூடாக இருந்தது. வெயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

திரும்பி வரும்போது காட்டுக்குள்ளிருந்து யாரோ சீட்டியடித்தார்கள். பாட்டு மாதிரி, ஆனால் பாட்டு இல்லை. வேலை செய்துகொண்டே கவனமில்லாமல் அடிக்கிற சீட்டி. நான் நின்றுவிட்டேன்.

"பறவையாக்கும் சேச்சி. சூளக்காக்கான்னு சொல்லுவோம். தண்ணி இருக்கிற இடத்துலதான் இருக்கும்" என்றான் பிஜு.

சாந்தா என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு.

எழுத முடியுமா தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஜீப்பில் எஸ்டேட். அட்டைக்கடி மூன்று (எனக்கு ஒன்று, சாந்தாவுக்கு இரண்டு). தேயிலைச் செடிகளை வெட்ட ஆளில்லாமல் மரமாக வளர்ந்துவிட்டன. உள்ளே நடந்தால் வானம் தெரியாது. தொழிலாளிகள் இருந்த லயங்கள், ஓடு இல்லாத கூரை. ஒரு வீட்டில் மட்டும் புகை, வாசலில் காயப்போட்ட ஒரு சட்டை. சின்னச் சர்ச் ஒன்று, பூட்டி, வெளியே ஜினியா பூ. இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தது. சிறகுச் சத்தம், யாரோ பெரிய பாயை உதறுகிற மாதிரி. அழகுதான். இவர் ஏன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கவில்லை என்று முதல்தடவையாகப் புரிந்தது.

அப்புறம் துரை பங்களா. ஜன்னல் கதவு ஒன்றும் இல்லை. சுவர் முழுக்கக் காதலர்கள் பேர்.

மதுரைக்காரர், "இதானே பேய் பங்களா? வெள்ளக்காரப் பொண்ணு வருதாமே?" என்றார்.

"அது வீடியோக்காரங்க உண்டாக்கின பேயி சார். ஆரும் கண்டதில்ல" என்றான் பிஜு. "எங்க ஊருக்குச் சொந்தமா ஒண்ணு உண்டு. போற வழியில காட்டுறேன்."

திரும்பும்போது ராஜம்மா வீட்டைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, ஓடையை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். கீழே பாறைகள். நடுவில் தண்ணீர் பச்சையாகக் கட்டிக் கிடந்தது. அக்கரையில் காடு.

"இங்கதான். கல்லு சார்னு பேரு" என்று ஆரம்பித்தான்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஒரு சாரு, ஸ்கூட்டர்ல வந்தாரு. பழைய கல்லுகளத் தேடி நடக்குற ஆளு. நல்ல உயரம், மெலிஞ்ச தேகம், கட்டி மீசை. வீட்டுல பொண்டாட்டி சரியில்ல. எப்பவும் வழக்கு, சண்டை. மனசு மடுத்து வெறுத்துப்போயி, ஹெல்மெட்டக் கழட்டி வண்டில மாட்டிட்டு, நேரா தண்ணில எறங்கிட்டாரு. ஆளும் கிட்டல, பாடியும் கிட்டல. இப்பவும் அந்தி நேரம் ஆச்சுன்னா வருவாரு. நனைஞ்ச சட்டையோட, பின்னாலேர்ந்து சூளமடிச்சுட்டு. 'இங்க ஒரு கல்லு இருந்ததே, பாத்தீங்களா?'ன்னு கேப்பாரு. பதில் சொல்லக்கூடாது. சொன்னா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாரு."

பெண்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கத்தினார்கள், சிரிப்புமாக. அம்மாக்காரி மட்டும், "ஐயோ பாவமே. அந்தப் பொம்பள இப்ப எங்க இருக்காளாம்?" என்றாள்.

"அவளுக்கென்ன. சுகமா இருப்பா."

சாந்தாவின் நகம் என் மணிக்கட்டில். அவள் வாயைத் திறக்குமுன் நான் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "யாராவது பாத்திருக்காங்களா?"

"எத்தனையோ பேரு சேச்சி. பால் கொண்டுபோற ஆளு பாத்திருக்கான். ரப்பர் வெட்டுற அக்கா பாத்திருக்கு. மேல காட்டுல இருக்குற காணிக்காரங்க ரெண்டு பேரு தேன் எடுத்துட்டு வரும்போ பாத்திருக்காங்க."

அறைக்கு வந்ததும் சாந்தா அழுது தீர்த்தாள். "எனக்க அண்ணனப் பேயாக்கி வச்சிருக்கான் பாத்தியளா! கேக்கணும் மைனி, நாலு கேள்வி கேக்கணும்!"

எனக்குக் கோபம் வரவில்லை. எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. எனக்கு வந்தது பொறாமை. பால்காரனுக்கு வருகிறார். ரப்பர் வெட்டுகிறவளுக்கு வருகிறார். முன்பின் தெரியாத காணிக்காரர்களிடம் நின்று பேசுகிறார். எனக்கு ஒரு கனவில்கூட வரவில்லையே.

சாந்தா குளிக்கப் போன நேரம் நான் இறங்கிப் போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ரோட்டிலிருந்து கீழே ஒற்றையடிப் பாதை. கடைசிப் பாறையில் போய் நின்றேன். செருப்பைக் கழற்றினேன், ஏன் என்று தெரியாது. கோயிலுக்குப் போன மாதிரி. அந்தியில்தானே வருவார். பின்னாலிருந்துதானே வருவார். திரும்பிப் பார்க்காமல் நின்றேன்.

சீட்டி கேட்டது. இவர் சீட்டியடித்து நான் கேட்டதே கிடையாது. இருந்தாலும்.

"பாத்தேன்" என்று சத்தமாகச் சொன்னேன். "கல்லைப் பாத்தேன். சாயக்கடைக்குப் பக்கத்துல இருக்கு. வாங்க காட்டுறேன்."

ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும். பிறகு சீட்டி கொஞ்சம் கிட்டத்தில், என் தோளுக்குப் பின்னால் என்று தோன்றியது. காலில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தேன், நான் நின்ற பாறை முன்பு காய்ந்து இருந்தது, இப்போது நனைந்திருந்தது. பயமே இல்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் போதும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எத்தனை இதமாக இருந்தது என்று எழுதத்தான் பயமாக இருக்கிறது.

"சேச்சி! கேறி வாங்க! மேல மழை! கேறி வா!"

ராஜம்மா. மேட்டிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கையும் காலுமாக ஏறினோம். ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் தண்ணீர் சேற்று நிறத்தில், இலையும் குச்சியுமாகப் போய்க்கொண்டிருந்தது. என் செருப்பு இல்லை. ராஜம்மாவுக்கு மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

கையை விடாமலே வீடு வரை கூட்டி வந்தாள்.

நவம்பர் 17, திங்கள்.

மழை. மலை இல்லை, மரம் இல்லை, முற்றத்துக்கு அப்பால் வெறும் வெள்ளை. மதுரைக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். போகும்போது அந்த அம்மா எனக்கு ஒரு பொட்டலம் பால்கோவா கொடுத்தாள். நல்ல மனுஷி. நேற்று அவள் கேட்ட கேள்வி காதிலேயே இருக்கிறது.

எழுந்திருக்கவில்லை. சாந்தா நேற்றைய விஷயம் தெரிந்து என்னோடு பேசவில்லை. செருப்பு எங்கே என்று கேட்டாள், சொன்னேன், அவ்வளவுதான்.

பதினோரு மணி வாக்கில் ராஜம்மா பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"சேச்சி அந்த சாரோட வீட்டுக்காரியா?"

தலையாட்டினேன்.

சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் அவரைப் பாத்திருக்கேன். உசிரோட. அன்னிக்கு நல்ல வெயிலு சேச்சி. இங்க ஒரு துளி மழை இல்ல. வாசல்ல வந்து கட்டன் கேட்டாரு. இதே டம்ளரோ என்னவோ. சீனி வேண்டாம்னாரு. கல்லு எங்கன்னு கேட்டாரு. அக்கரையில காட்டுக்குள்ள ஒண்ணு உண்டு, பாலம் சுத்திப் போகணும், இல்லன்னா பாறை வழியாத் தாண்டினா அஞ்சு நிமிஷம்னு நான்தான் சொன்னேன். பேடிக்க வேண்டாம், பயமில்லன்னு நான்தான் சொன்னேன். மேல மழை பெய்ஞ்சது ஆருக்குத் தெரியும்?"

சீனி வேண்டாம் என்றது இவர்தான். சந்தேகமே இல்லை. உயரமும் மீசையுமாகக் கேட்ட பேய் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர், என் ஆள்.

"லாரி வர்ற மாதிரி சத்தம். ஓடிப் போயி பாத்தேன். நடுப்பாறையில நின்னாரு. என்னப் பாத்துக் கையக் காட்டினாரு. கூப்பிட்டாரா, போன்னு சொன்னாரா, தெரியல. அப்புறம் தண்ணிதான்."

சாந்தா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்றுதான் கேட்டேன். "போகும்போதா, திரும்பி வரும்போதா?"

"திரும்பி வரும்போது சேச்சி. கல்லப் பாத்துட்டுத்தான் வந்தாரு."

எனக்காகச் சொன்னாளா, நடந்ததைச் சொன்னாளா. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேறு பதில் வந்திருக்காது.

"எல்லாம் அன்னிக்கே போலீசுகிட்ட சொன்னேன். வந்திருந்த ரெண்டு தம்பிமார்கிட்டயும் சொன்னேன். அவங்க சேச்சிகிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. இரண்டு வருஷம். தீபாவளிக்கு வருகிறார்கள், பொங்கலுக்கு வருகிறார்கள், அக்கா அக்கா என்று என் கையால் சாப்பிடுகிறார்கள். "தேடிக்கிட்டுதான் இருக்காங்க அக்கா" என்கிறார்கள்.

சாயங்காலம் பிஜு வந்தான். முற்றத்திலேயே நின்றான், படியேறவில்லை. ராஜம்மா சொல்லியிருக்க வேண்டும். முகம் செத்துப்போயிருந்தது.

"அறியாம சொல்லிட்டேன் சேச்சி. மன்னிக்கணும்."

சாந்தா பிடித்துக்கொண்டாள். "செத்தவனப் பத்திக் கதை கட்டிக் காசு வாங்குகியே, நீ மனுசனா? வீட்டுல இருக்குகவளப் பத்தி என்னத்தத் தெரிஞ்சு பேசின?"

செத்தவன் என்றாள். நான் மறுக்கவில்லை. அதை அவளும் கவனித்தாள்.

பிஜு மெதுவாகச் சொன்னான். அந்த இடத்தில் ரோட்டிலிருந்து பார்த்தால் குளிக்கக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும் தண்ணீர். இறங்குகிறவர்களைத் தடுக்க முடியாது. அபாயம் என்று போர்டு வைத்தார்கள், அதைப் பிடுங்கி ஓடையிலேயே போட்டார்கள். வாயால் சொன்னால் சிரிப்பு. போன வருஷம் ஒரு கூட்டத்தைக் கயிறு போட்டுத் தூக்க வேண்டி வந்தது. அன்றைக்குத்தான் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தானாம். "பேயி உண்டுன்னா ஆரும் எறங்க மாட்டாங்க. மத்தவங்க பாத்தாங்கன்னு சொன்னதெல்லாம் நான் கதை சொன்னதுக்குப் பிறகு அவங்களே சொன்னதாக்கும்."

"பொண்டாட்டியை எதுக்குச் சேத்தே?" என்று நான் கேட்டேன்.

தலையைச் சொறிந்தான். "சாரு சும்மா செத்தாருன்னா ஆரு நம்புவாங்க சேச்சி. ஒரு காரணம் கேப்பாங்க."

"அவருக்கு மீசை கிடையாது" என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

"இனி அந்தக் கதை ஒன் வாயில வரப்பிடாது" என்றாள் சாந்தா. அவன் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

நவம்பர் 18, செவ்வாய்.

மழை விட்டது. ராஜம்மாவின் ரப்பர் செருப்பு, ஒரு சைஸ் பெரிது. அக்கரை போனோம், பாலம் சுற்றி. நான், சாந்தா, ராஜம்மா. மூன்று பேருக்கும் முட்டுவரை உப்பு.

பாதை என்று ஒன்றுமில்லை. ஆள் நடந்து வருஷங்கள் ஆன தடம். ராஜம்மா வெட்டுக்கத்தியால் கொடியை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். யானைச் சாணம், பழையது. பச்சைப் பாசி வாசனை. காட்டுக்குள் போகப் போக வெயில் பச்சையாகிவிடுகிறது.

கல் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, மேற்கல் பாதி வழுக்கி. சாயக்கடைக் கல்லைவிடச் சின்னது. பாசி மூடியிருந்தது. பக்கவாட்டில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. தமிழ்தான். "ளை" என்று ஓர் எழுத்து மட்டும் தெரிந்தது. பிள்ளையோ, வேளையோ. அவ்வளவுதான். அவ்வளவேதான்.

என்ன எதிர்பார்த்தேன்? கும்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சாந்தா பையில் ஒரு முழம் பூகூட வைத்திருந்தாள்.

"இதுக்கா?" என்று வந்தது வாயில். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். "இந்தக் கல்லுக்கா? இதப் பாக்கவா போனீங்க? சோறு வடிச்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். பாலம் சுத்தி வந்தா என்ன? என்ன அவசரம்? யாரு கேட்டா இந்தக் கல்லை? நான் கேட்டேனா?" அப்புறம் என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. தொண்டை இப்போதும் கரகரப்பு. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவரை நான் ஒருமையில் பேசியதில்லை, இன்றைக்குப் பேசினேன். மூன்று தடவை காலால் உதைத்தேன். கட்டைவிரல் நகம் போய்விட்டது.

சாந்தா தடுக்கவில்லை. ராஜம்மா வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

நான் ஓய்ந்தபோது காடே ஓய்ந்து இருந்தது. அப்போது ஓடைப் பக்கமிருந்து சீட்டி வந்தது. நீளமாக, இழுத்து, நடுவில் விட்டு, மறுபடி.

மூன்று பேரும் அசையவில்லை. பறவை என்று ராஜம்மா சொல்லவில்லை.

"போவோம் மைனி" என்றாள் சாந்தா கடைசியில். பூவைக் கல்லின் மேல் வைத்தாளா, திரும்பக் கொண்டுவந்தாளா, பார்க்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு கஞ்சியும் பயறும். நிறையச் சாப்பிட்டேன். இரண்டு வருஷத்தில் இப்படிச் சாப்பிட்டதில்லை. விரலுக்கு ராஜம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். "நான் அன்னிக்கு வாய மூடிட்டு இருந்திருக்கலாம் சேச்சி" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வது? வழி கேட்டால் சொல்லத்தானே செய்வார்கள்.

நவம்பர் 19, புதன். இரவு, கரமனை.

வீடு. கதவைத் திறந்ததும் பூட்டிக்கிடந்த வாசனை. ஃப்ரிட்ஜில் தயிர் புளித்துவிட்டது. விரல் வலி.

காலை நடந்ததை எழுத வேண்டும்.

பளிச்சென்று வெயில். ஜீப்பில் எங்களோடு ஐ.டி. கம்பெனிக்காரர்கள் ஐந்து பேர், நேற்று இரவு வந்தவர்கள், வித்துராவுக்குத் திரும்புகிறார்கள். மூன்று ஆண், இரண்டு பெண். தமிழும் மலையாளமும் இங்கிலீஷும். நான் முன் சீட்டில் பிஜு பக்கத்தில்.

அந்த வளைவு வந்ததும் பின்னாலிருந்து, "ப்ரோ, நிறுத்துங்க நிறுத்துங்க! செம ஸ்பாட்!"

பிஜு நிறுத்தவில்லை. அவர்கள் ஜீப்பின் சட்டத்தைத் தட்டினார்கள். நிறுத்தினான்.

"அங்க எறங்கக்கூடாது. டேஞ்சர்" என்றான்.

"போர்டு ஒண்ணும் இல்லியே ப்ரோ. முட்டளவு தண்ணி. அஞ்சே நிமிஷம்."

குதித்துவிட்டார்கள். ஒருத்தன் ஏற்கெனவே சட்டையைத் தலைவழியாகக் கழற்றிக்கொண்டிருந்தான். பிஜு என்னைப் பார்த்தான். பின்னால் சாந்தாவைப் பார்த்தான். அவனிடம் இருந்த ஒரே ஆயுதத்தை நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டோம்.

மேலே பார்த்தேன். இங்கே வெயில். மலை மேகத்துக்குள் போயிருந்தது.

இறங்கினேன். பெரிய செருப்பு, கட்டுப்போட்ட விரல், ஓட முடியவில்லை. ரோட்டோரம் நின்று கத்தினேன்.

"தம்பி! நில்லுங்க! அங்க ஒருத்தர் செத்துப்போயிருக்காரு!"

ஒருத்தன் திரும்பிச் சிரித்தான். "ஆன்ட்டி, கல்லு சாரா? மொபைல்ல பாத்தோம். ஈவினிங்தானே வருவாரு!"

மற்றவர்களும் சிரித்தார்கள். சட்டையைக் கழற்றியவன் முதல் பாறையில் கால் வைத்துவிட்டான்.

"அது என் வீட்டுக்காரர்" என்றேன்.

சத்தமாகச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் கேட்டது அவர்களுக்கு. "பேர் நீலகண்டன். ஓவர்சியரா இருந்தவரு. குட்டையா, கொஞ்சம் தொப்பையா இருப்பாரு. மீசை கிடையாது. தானா எறங்கிச் சாகல. இதே மாதிரி வெயில் அடிச்ச நேரத்துல, நீ நிக்குற பாறையில நின்னாரு. தண்ணி வந்து கொண்டுபோயிட்டுது. பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. செத்துட்டாரு. உடம்புகூடக் கெடைக்கல எனக்கு." தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். எதற்கு அப்படிச் செய்தேன், தெரியாது. "உங்களுக்கும் வீட்டுல ஆள் காத்திருப்பாங்கல்லா? ஏறி வா மக்கா."

யாரும் சிரிக்கவில்லை. பாறையில் நின்றவன் காலைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், மேலே ஏறி வந்தான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான், உள்பக்கம் வெளியே தெரிய. வித்துரா வரை அந்தப் பெண்களில் ஒருத்தி பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தபடியே வந்தாள். அவள் பேர் கேட்க மறந்துவிட்டேன்.

தண்ணீர் வந்ததா என்று தெரியாது. நாங்கள் நின்று பார்க்கவில்லை.

பஸ்ஸில் சாந்தா தூங்கிக்கொண்டே வந்தாள், தலை என் தோளில். நெடுமங்காடு தாண்டி முழித்தாள். "வர்ற அமாவாசைக்குச் செய்வோமா சாந்தா?" என்று கேட்டேன். சரி என்றுகூடச் சொல்லாமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் தண்ணீர்.

இப்போது ஒன்பது மணி. சற்று முன்புதான் உமாவுக்குப் போன் பண்ணினேன். டூர் எப்படியிருந்தது என்று கேட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நிமிஷம் தயிர் புளித்ததைப் பற்றிப் பேசினேன். அப்புறம், "உமா, அப்பா செத்துப்போயிட்டாரு" என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"தெரியும்மா" என்றாள். "மாமா அப்பவே சொல்லிட்டாங்க. நீயா என்கிட்ட சொல்லுவேன்னு காத்துட்டு இருந்தேன்."

நாளை ராத்திரி பஸ்ஸுக்கு வருகிறாள். பால்காரனிடம் கூட ஒரு பாக்கெட் சொல்ல வேண்டும்.